கழுவ வந்த ஸ்லைடு

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் இங்கே சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முடி வெட்டுங்கள் என்று போன லீவில் சொன்னேன், கேட்டிருக்க மாட்டீர்கள். அண்ணிக்கு இருமல் நின்றதா?

போர் முடிந்த கையோடு எங்கள் மருத்துவப் பிரிவைக் கலைத்துவிட்டார்கள். ஆறு வருடம் நான் உட்கார்ந்து ரத்தம் பரிசோதித்த கூடாரத்தைப் பத்தே நிமிஷத்தில் சுருட்டி லாரியில் ஏற்றினார்கள். மைக்ரோஸ்கோப்பை மட்டும் யாரையும் தொடவிடாமல் நானே துடைத்துப் பெட்டியில் வைத்தேன். ஒரு சான்றிதழ், ஒரு ரயில் பாஸ், ஒரு கைகுலுக்கல். அவ்வளவுதான், அனுப்பிவிட்டார்கள்.

நல்ல சேதி, இந்த நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் லேப்பில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. வெள்ளை ஓடு பதித்த நீளமான அறை. ஜன்னலோரம் வரிசையாக நான்கு மைக்ரோஸ்கோப். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது அண்ணா! முகாமில் ஒரு வாளித் தண்ணீருக்கு நாங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் பின்புறமே ஓர் அறை எடுத்திருக்கிறேன். கவலைப்படாதீர்கள். அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் தங்கை

பிப்ரவரி 14

என் அருமை வாலுவுக்கு,

உன் கடிதம் வந்ததும் வீட்டில் சிரிப்பும் கண்ணீருமாக ஒரே அமர்க்களம். அண்ணியின் இருமல் போய்விட்டது. என் முழங்காலைப் பற்றிப் பேசாதே, அது என் பேச்சைக் கேட்பதை நிறுத்தி நாளாகிறது.

கடிதத்தைக் கடையில் சத்தமாக வாசித்தேன். நாற்காலியில் பாதி முகம் சோப்பு நுரையோடு தலைமையாசிரியர் உட்கார்ந்திருந்தார். "கொஞ்சம் கத்தியை எடுப்பா, கை தட்டணும்" என்றார். தட்டினார். பெஞ்சில் காத்திருந்த நாலு பேரும் தட்டினார்கள். ஆறு வயதில் கொசுவைப் பிடித்து பாட்டிலில் அடைத்து அதற்குப் பாடம் நடத்தின பெண், பட்டாளத்தில் ரத்தம் பரிசோதித்து, இப்போது பெரிய ஆஸ்பத்திரி லேப்பில் இருக்கிறாள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். உன்னைத் தூக்கி வளர்த்தவன் நான். கொஞ்சம் பீற்றிக்கொள்ள உரிமை இல்லையா?

உன் பதவிக்கு என்ன பெயர்? கதவில் போர்டு வைத்திருக்கிறார்களா? விவரமாக எழுது. கடையில் கேட்கிறார்கள்.

அண்ணன்

மார்ச் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அண்ணி தேறியது பெரிய நிம்மதி.

வேலை அதிகம், அதனால்தான் தாமதம். இங்கே சோப்பு கொஞ்சம் காரம், விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கிறது, எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னியுங்கள். ஒரு நாளைக்கு முந்நூறு ஸ்லைடு வருகிறது. ஸ்லைடு என்பது விரல் நீளக் கண்ணாடித் துண்டு, அதில்தான் ரத்தத்தைத் தடவிப் பார்ப்பார்கள். அது பளிங்கு மாதிரி இருக்க வேண்டும். அழுக்கு இருந்தால் தூசிகூடக் கிருமி மாதிரி கண்ணை ஏமாற்றும். இந்த மாதம் எங்கள் லேப்பில் ஒரு ஸ்லைடுகூட அழுக்கு என்று திரும்பி வரவில்லை. அதில் எனக்கு ஒரு திருப்தி.

தலைமை டெக்னீஷியன் முப்பது வருட அனுபவம் உள்ளவர். அதிகம் பேச மாட்டார். காய்ச்சல் வார்டுக்கு ஒரு டாக்டரம்மா இருக்கிறார், நடக்கிற வேகத்தில் கோட்டு பின்னால் பறக்கும். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். இங்கே எல்லாம் நலம்.

உங்கள் தங்கை

மார்ச் 12

என் அருமை வாலுவுக்கு,

நாங்கள் நலம். கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாமல் மரத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். போகட்டும்.

நம் தபால்காரரின் மனைவிக்குக் காய்ச்சல். ஐந்து நாள் அடித்தது, தானாக விட்டது, ஒரு வாரம் நன்றாக நடமாடினாள், மறுபடி பிடித்துக்கொண்டது. இங்கே மருந்து கொடுத்தும் கேட்கவில்லை. "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. லேப்புக்கு நேரா போய் என் தங்கச்சி பேரைச் சொல்லு. அங்க அவ சொன்னா சொன்னதுதான்" என்று தபால்காரரிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் வருவார்கள். நம் வீட்டு மனிதர்கள் மாதிரி பார்த்துக்கொள்.

அண்ணன்

ஏப்ரல் 20

தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

தபால்காரர் பத்து நாளைக்கு முன்பே மனைவியோடு திரும்பிவிட்டார். அவள் தேறிவிட்டாள், எழுந்து வேலை செய்கிறாள். "என் தங்கச்சி எப்படி இருக்கா?" என்று கேட்டேன். "நல்லா பாத்துக்கிட்டாங்க, கடவுள் மாதிரி" என்றார். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. ஊர்க் கதை எல்லாம் பேசுகிற மனிதர், இப்போது கடிதத்தைக் கடை வாசலில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளை மிதிக்கிறார். அங்கே என்ன நடந்தது? அண்ணியும் கேட்கிறாள்.

அண்ணன்

ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணா,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தைக் கடையில் வாசிக்க வேண்டாம்.

நான் இங்கே டெக்னீஷியன் இல்லை. பாட்டிலும் ஸ்லைடும் கழுவுகிற வேலை. என் பட்டாளத்துச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "ஆறு மாசப் பயிற்சிதானே போட்டிருக்கு? எங்களுக்கு ரெண்டு வருஷப் படிப்பு வேணும்" என்றார்கள். அதன் பிறகு ஆறு வருடம் வேலை செய்ததை எழுத அந்த விண்ணப்பத்தில் இடமே இல்லை. கழுவும் அறையில் ஆள் வேண்டும் என்றார்கள், சேர்ந்துவிட்டேன். மைக்ரோஸ்கோப் இருக்கிற கட்டிடத்திலாவது இருக்கலாம் என்று தோன்றியது. நான் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. எழுதாமல் விட்டதுதான் தப்பு. நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக எழுதிய பிறகு சொல்ல வாய் வரவில்லை.

தபால்காரர் வந்தார். "டெக்னீஷியன் அம்மா எங்கே?" என்று லேப் முழுக்கக் கேட்டிருக்கிறார், யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒருவர் கழுவும் அறையைக் காட்டியிருக்கிறார். ரப்பர் ஏப்ரனோடு, முழங்கை வரை நுரையோடு நின்ற என்னைப் பார்த்தார்.  பிறகு, "அண்ணன்கிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்மா" என்றார். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது என்னவோ உண்மை.

ஆனால் அண்ணா, சொல்ல வந்தது அதையல்ல.

அவர் மனைவியின் ரத்தத்தைப் பார்த்து, "கிருமி இல்லை" என்று ரிப்போர்ட் போய்விட்டது. வேலை முடிந்த ஸ்லைடு, அவள் பெயர்ச்சீட்டோடு, என் தொட்டிக்கு வந்தது. விட்டு விட்டு வரும் காய்ச்சல் என்று நீங்கள் எழுதியது மண்டையில் குடைந்துகொண்டே இருந்தது. எல்லோரும் சாப்பிடப் போன நேரம், அந்த ஸ்லைடை எடுத்துப் போய் ஜன்னலோர மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். கிடைத்தது இருபது நிமிஷம். பதினேழாவது நிமிஷத்தில் பார்த்தேன். மெல்லிய ஊதா நூலைத் திருகிப் போட்ட மாதிரி, சுருள் சுருளாக. மலேரியாவைத் தேடுகிறவர்கள் செவ்வணுவுக்கு உள்ளே பார்ப்பார்கள். இது கிடந்தது வெளியே, இரண்டு அணுக்களுக்கு நடுவே. எனக்கு அது பழைய பகையாளி. போரின் இரண்டாவது வருடம், அகதிகள் முகாமில் பார்த்தது. துணித் தையலில் ஒளிந்திருக்கிற பேனால் பரவும் காய்ச்சல்.

தலைமை டெக்னீஷியனிடம் சொன்னேன். "மலேரியா இல்லைன்னு நான் எழுதியாச்சு. நீங்க பாட்டிலைப் பாருங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் ஸ்லைடைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், நேரே காய்ச்சல் வார்டுக்குப் போனேன். டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வார்டு மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தார். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவே இல்லை.

"புத்தகத்துலதான் பாத்திருக்கேன். மருந்து இருக்கு" என்றார்.

"முதல் ஊசி போட்ட ரெண்டு மூணு மணி நேரத்துல உடம்பு தூக்கிப் போடும் டாக்டர். காய்ச்சல் ஏறி, பிரஷர் சடார்னு இறங்கும். பக்கத்துலயே ஆள் இருக்கணும்."

"எத்தனை பேரைப் பாத்திருக்கீங்க?"

"எண்ணினோம் டாக்டர். முதல் மாசம் மட்டும்."

அவர் உடனே ஊசியை எடுத்து வரச் சொன்னார். சொன்ன மாதிரியே உடம்பு தூக்கிப் போட்டது. டாக்டரம்மா பக்கத்தை விட்டு அசையவில்லை. தபால்காரர் மனைவி பிழைத்துக்கொண்டாள்.

இனிமேல் உங்கள் வேலை. அவளுடைய தம்பி போரிலிருந்து திரும்பி, திரும்பி வரும் பட்டாளத்துக்காரர்கள் தங்குகிற நம் ஊர் ரயிலடிக் கொட்டகையில் இருந்துவிட்டு, பிறகு அவர்கள் வீட்டில் ஒரு வாரம் படுத்திருக்கிறான். இங்கே வார்டில் இதே காய்ச்சலோடு இன்னும் இரண்டு பேர். அவர்களும் அந்தக் கொட்டகையிலிருந்து வந்தவர்கள்தான். சுகாதார அதிகாரிக்கு டாக்டரம்மா கடிதம் போட்டிருக்கிறார், கோப்பு நகர நாளாகும். கொட்டகையில் இருக்கிற எல்லோருடைய துணியையும் கொதிக்க வைக்க வேண்டும். முடியை வெட்டிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அது தலைப்பேன், இது துணிப்பேன்.

இங்கே எனக்கு மெமோ வரும் என்கிறார்கள். வரட்டும். நீங்கள் கோபப்படாமல் இருந்தால் போதும்.

உங்கள் தங்கை

மே 22

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் நலம்தானே? என் கடிதம் கிடைக்கவில்லையோ என்று இரண்டு நாள் நினைத்துப் பார்த்தேன். நம் தபால்காரர் கடிதம் தொலைக்கிற ஆள் இல்லை.

மெமோ வந்தது. மேலதிகாரியைத் தாண்டிப் போனதற்கும், அனுமதியில்லாமல் மைக்ரோஸ்கோப்பைத் தொட்டதற்கும் விளக்கம் கேட்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்தேன்: "செய்தது உண்மை. இனியும் அப்படி ஒரு ஸ்லைடு என் தொட்டிக்கு வந்தால் இதையேதான் செய்வேன்." எழுதும்போது பயமில்லை. உங்களிடமிருந்து பதில் வராததுதான் பயமாக இருக்கிறது.

திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் தங்கை

ஜூன் 1

என் அருமை வாலுவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்பித்தான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். கோபம் இல்லை. உன்மேல் இல்லை, என்மேல்தான். ஊரெல்லாம் பீற்றி, உனக்கு உண்மையைச் சொல்லக்கூட இடம் வைக்காமல் அடைத்துவிட்டேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கையில் வேலையும் இருந்தது.

உன் கடிதம் வந்த அன்றே கடையைச் சாத்தினேன். பதினொரு நாள் திறக்கவில்லை. தபால்காரரையும் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். முப்பத்து நாலு பேர். அதில் ஆறு பேர் காய்ச்சலில் சுருண்டு கிடந்தார்கள். வாடகைப் பாத்திரக் கடையில் நாலு அண்டா எடுத்து, கொட்டகைக்குப் பின்னால் அடுப்பு மூட்டினோம். துணியைக் கொடுக்க ஒருத்தனும் சம்மதிக்கவில்லை. எல்லோருக்கும் இருப்பது உடுத்தின துணி மட்டும்தான். "அதையும் அண்டாவுல போட்டுட்டு நாங்க என்னத்தைக் கட்டிக்கிறது?" என்று ஒருவன் சண்டைக்கு வந்தான். நியாயம்தானே?

அண்ணிதான் வழி சொன்னாள். கடையில் வாடிக்கைக்காரர் கழுத்தில் கட்டுகிற வெள்ளைத் துணி அத்தனையையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தாள். போதாததற்கு வீட்டுப் படுக்கை விரிப்புகள். முப்பத்து நாலு பட்டாளத்துக்காரர்களும் வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீ! முடி வெட்டக் காத்திருக்கிற பட்டாளம் மாதிரி இருந்தது. வந்ததுதான் வந்தோம் என்று எல்லோருக்கும் வெட்டியும் விட்டேன். தலைப்பேன் வேறு, துணிப்பேன் வேறு என்று எனக்குத் தெரியும், ஆனாலும் கை சும்மா இருக்காது.

சண்டைக்கு வந்தவன் கேட்டான், "இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது? பெரிய டாக்டரா?"

"என் தங்கச்சி. ஆஸ்பத்திரியில ஸ்லைடு கழுவுறா. கழுவ வந்த ஸ்லைடுல கண்டுபிடிச்சா" என்றேன்.

"பட்டாளத்துல இருந்தவங்களா?"

"ஆறு வருஷம். லேப்புல."

அவன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். அதற்குப் பிறகு எல்லோரும் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் சுகாதார அதிகாரியே மருந்தும் ஆட்களுமாக வந்து சேர்ந்தார். ஆறு பேரில் ஐந்து பேர் பிழைத்தார்கள். ஒரு பையனுக்கு மருந்து வருவதற்குள் முடிந்துவிட்டது. அவனுக்கு நான்தான் கடைசியாக முகம் மழித்துவிட்டேன். இதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆனது.

உன் கடிதத்தைக் கடையில் வாசிக்கவில்லை. நான் மட்டும் படித்தேன், எத்தனை தடவை என்று கேட்காதே. மெமோவுக்கு நீ எழுதிய பதிலை அண்ணி மனப்பாடமாகவே சொல்கிறாள்.

அண்ணன்

ஜூலை 10

அன்புள்ள அண்ணா,

இங்கே சுகம். உங்கள் முழங்காலோடு அண்டா தூக்கினீர்களா? அண்ணியின் கைகளுக்கு என் முத்தம். அந்தப் பையனுக்கு நீங்கள் செய்ததை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

சுகாதார அதிகாரியின் அறிக்கை இங்கே வந்த மறுநாள், தலைமை டெக்னீஷியன் கழுவும் அறைக்கு வந்தார். வாசலில் தயங்கி நின்றார். பிறகு, "அந்தச் சுருளை எனக்குக் காட்டுங்க. நான் இதுவரைக்கும் பாத்ததில்ல" என்றார். டாக்டரம்மா வார்டில் பத்திரமாக வைத்திருந்த ஸ்லைடை வாங்கி வந்து காட்டினேன். முப்பது வருட அனுபவக்காரர், குனிந்து, ஒரு மணி நேரம் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி வந்த ஸ்லைடெல்லாம்?" என்று கேட்டார்.

"கழுவிட்டேன் சார்."

தான் எத்தனையைப் பார்க்காமல் விட்டோமோ என்று அவர் நினைத்திருப்பார். எத்தனையை நான் பார்க்காமல் கழுவியிருப்பேன் என்று நான் நினைத்தேன். 

மறுநாள் அவரே கைப்பட எழுதி மெமோவைத் திரும்பப் பெற வைத்தார். அதோடு நிற்கவில்லை. போர்க்கால லேப்களில் மூன்று வருடம் வேலை செய்தவர்கள் படிப்புச் சான்றிதழ் இல்லாமலே டெக்னீஷியன் தேர்வு எழுத அனுமதி தர வேண்டும் என்று அவரும் டாக்டரம்மாவும் சேர்ந்து மனு கொடுத்தார்கள். அனுமதி வந்துவிட்டது! ஆகஸ்ட் நான்காம் தேதி, மருத்துவக் கல்லூரியில் தேர்வு. எனக்கு மட்டும் இல்லை. விண்ணப்பித்த எல்லோருக்கும்.

இதைக் கடையில் வாசிக்கலாம்.

உங்கள் தங்கை

ஆகஸ்ட் 21

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் இருவரும் நலம் என்று அண்ணி எழுதியிருந்தாள். நீங்கள்தான் மறுபடி எழுதவில்லை. தேர்வுக்கு முன்னால் வாழ்த்தி ஒரு வரி வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நாற்பத்தொரு பேர் வந்திருந்தோம். எல்லோரும் கூடாரங்களில் ரத்தம் பார்த்தவர்கள். ஒருத்தர் கிடங்குக்குக் காவல்காரர். ஒருத்தி துணிக்கடையில் நிற்கிறாள். ஒருத்தர் லாரி ஓட்டுகிறார். நான் பாட்டில் கழுவுகிறேன் என்றதும், "பரவாயில்லையே, நீங்களாவது ஸ்லைடைத் தொடுறீங்க!" என்றார் லாரிக்காரர்.

தேர்வு அறையில் ஒவ்வொரு மேஜையிலும் மைக்ரோஸ்கோப்பும் மின்விளக்கும் வைத்திருந்தார்கள். உள்ளே போனதும் யாரும் யாரிடமும் சொல்லாமலே மேஜைகளைத் தூக்கினோம். நாற்பத்தொரு பேரும் ஜன்னல் பக்கம் நகர்ந்தோம். எங்களுக்குப் பழகின வெளிச்சம் அதுதான். "என்ன நடக்குது இங்க?" என்று தேர்வாளர் பதறிவிட்டார். அப்புறம் அவர் இன்னொன்றையும் கவனித்தார். ஒருவர்கூட ஒற்றைக் கண்ணை மூடவில்லை. லென்ஸில் வைக்காத கண்ணையும் திறந்தே வைத்துப் பார்ப்பது ஒரு நாளைக்கு இருநூறு ஸ்லைடு பார்க்கிறவர்களின் பழக்கம். இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் தலை வெடித்துவிடும். அவர் வரிசை வரிசையாக நடந்து எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டு போனார். பிறகு விளக்குகளை அணைத்துவிட்டு, ஜன்னல் திரைகளை எல்லாம் அவரே விலக்கிவிட்டார்.

நேற்று முடிவு வந்தது. முப்பத்தெட்டு பேர் தேறியிருக்கிறோம். லாரிக்காரரும் துணிக்கடைப் பெண்ணும் உண்டு. முதலாம் தேதியிலிருந்து நான் இந்த லேப்பில் டெக்னீஷியன். ஜன்னலோரம் மூன்றாவது மைக்ரோஸ்கோப் என்னுடையது.

ஏன் எழுதவில்லை அண்ணா?

உங்கள் தங்கை

செப்டம்பர் 2

என் அருமை வாலுவுக்கு,

நேற்று நீ வேலையில் உட்கார்ந்திருப்பாய். எங்கள் இருவருக்கும் உடம்பு நலம், மனசு அதைவிட நலம்.

ஏன் எழுதவில்லை என்றால், எழுதுவதற்குப் பதிலாக நேரிலேயே வந்தேன். உன் தேர்வு அன்று, ஆகஸ்ட் நான்காம் தேதி, அதிகாலை பஸ்ஸில். கல்லூரிக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். தேர்வு முடிந்து வரும்போது தட்டிக்கொடுக்கலாம், சரியாக எழுதாமல் இருந்தால் தேற்றலாம் என்று நினைத்து வந்தேன்.

நீங்கள் எல்லோரும் கூட்டமாக வெளியே வந்தீர்கள். நீ நடுவில். விரலால் காற்றில் ஏதோ சுருள் சுருளாக வரைந்து காட்டிக்கொண்டிருந்தாய். நல்ல உயரமாக ஒருவர், லாரிக்காரராகத்தான் இருக்க வேண்டும், குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். யாரோ ஏதோ சொன்னார்கள், எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தீர்கள். நீ அப்படிச் சிரித்து நான் பார்த்து ஆறேழு வருடம் இருக்கும். எழுந்து நின்றேன். கூப்பிட வாயும் திறந்தேன். நான் வந்து நின்றால் நீ உடனே தங்கச்சி ஆகிவிடுவாய். அந்த நேரத்துக்கு நீ அவர்களோடு அப்படியே இருக்கட்டும் என்று தோன்றிவிட்டது. நீங்கள் தெருமுனை திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கண்டக்டர், "காலையில வந்தீங்க, அதுக்குள்ள கிளம்பிட்டீங்க. யாரைப் பாக்க வந்தீங்க?" என்று கேட்டார்.

"என் தங்கச்சியை."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றேன். வழி நெடுக வேறு ஒன்றும் பேசவில்லை. நானாவது, பேசாமல் வந்ததாவது என்று அண்ணி இன்னும் நம்பவில்லை.

உன் அண்ணன்